கீறல் இல்லாத வெள்ளிக்காசு

பெட்டி மூடியில் கை வைத்தபடியே கெர்த்ருதை நிற்க விட்டுவிட்டுப் போன வாரம் வந்துவிட்டோம். பாவம், இன்னும் நின்றுகொண்டுதான் இருக்கிறாள்.

இன்று அவள் மகள் மாலினுக்குக் கல்யாணம். சில்யான் ஏரிக்கரையில் படகுகளுக்கு வெள்ளைப் பட்டைப் பூர்ச்ச மரக் கிளைகள் கட்டியாகிவிட்டது. எதிர்க்கரைத் தேவாலயத்தில் பாதிரியார் காத்திருப்பார். மாப்பிள்ளை யோரான் விடிந்ததிலிருந்து மூன்று முறை சட்டை மாற்றிவிட்டானாம். இருப்பதே இரண்டு சட்டை என்று அவன் தங்கை கரை முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிகிறாள்.

எல்லாம் தயார். ஒரு காசுதான் பாக்கி.

எங்கள் பக்கத்தில் மணப்பெண்ணின் வலது காலணிக்குள் அம்மா ஒரு துண்டு ரொட்டி வைப்பாள். இடது காலணிக்குள் அப்பா வெள்ளி வைப்பார். அப்பா போய்ச் சேர்ந்துவிட்டால் அவர் தம்பி வைக்கலாம். அப்பா உயிரோடு இருந்தால் வேறு கை அந்தக் காலணியைத் தொடக்கூடாது.

மாலினின் அப்பா ஹால்வார் ராஜாவின் படையோடு கிழக்கே போனவன். போன படை பனியில் தோற்றுச் சிறைப்பட்டது. சமாதானம் கையெழுத்தான பிறகு அங்கொருவர் இங்கொருவராகத் திரும்பி வருகிறார்கள். ஹால்வார் வரவில்லை. சிற்றப்பன் மாட்ஸ் காசு வைக்கட்டும் என்று கெர்த்ருத் சொன்னபோது மாலின் கேட்ட கேள்விதான் போன வாரம் அந்த வீட்டை ஊமையாக்கியது.

"அப்பா செத்துட்டார்னு உனக்கு யாரும்மா சொன்னது?"

கெர்த்ருத் பெட்டியைத் திறக்கத்தான் வந்தாள். சரி, திறக்கட்டும்.

கால் வைத்துத் தூக்கிக் கட்டிய அந்த மர அறையில் பழைய கம்பளியும் உலர்ந்த மீனும் மணந்தன. பெட்டியின் அடியில் ஒரு துணி முடிச்சு. பல வருஷமாக அவள் அதைப் பிரிக்கவில்லை. பயம்தான். பிரித்தாள்.

நம் அரசாங்கம் செம்பைப் பலகை பலகையாக அடித்துப் பணம் என்று கொடுக்கிறது. சந்தைக்குப் போனால் பணத்தைச் சுமக்க ஓர் ஆள் வேண்டும். அதனால்தானோ என்னவோ, உள்ளங்கை நிறைய ஒரு ரிக்ஸ்தாலர் வெள்ளியைப் பார்த்தால் இன்றும் எனக்குக் கண் கூசுகிறது. ஒரு பக்கம் தாடி வைத்த பழைய ராஜா. மறு பக்கம் உலக உருண்டையைக் கையில் ஏந்திய கர்த்தர். சன்னல் வெளிச்சம் பட்டதும் காசிலிருந்து ஒரு ஒளி வட்டம் எழுந்து கூரையில் நீந்தியது.

கெர்த்ருத் விளிம்பைத் தடவினாள். ஒரு சுற்று. மறுபடியும் ஒரு சுற்று.

"கீறல் எங்க?" என்று காசையே கேட்டாள்.

"என்ன கீறல்?"

மாலின் வாசலில் நின்றிருந்தாள். வெறுங்கால். பாதி பின்னிய கூந்தலில் சிவப்பு நாடா தொங்கியது. தேவாலயத்தில் இரவல் வாங்கிய கல்யாணக் கிரீடம் கையில்.

"ஒண்ணுமில்ல. போய்ச் சடையை முடி."

"என்ன கீறல்மா?"

இனி மறைக்க முடியாது என்று கெர்த்ருதுக்குத் தெரிந்துவிட்டது. மூட்டை ஒன்றின் மேல் உட்கார்ந்தாள்.

"சின்னப் பிள்ளையா இருக்கறப்ப ஜுரத்துல கெடந்தியே, ஞாபகம் இருக்கா?"

"சித்தப்பா முதுகு ஞாபகம் இருக்கு. கத்தி சத்தமும். எதையோ சுரண்டிக்கிட்டு இருந்தார்."

"இந்தக் காசத்தான். மூணு தடவ சுரண்டி, மோர்ல கலந்து உனக்குக் குடுத்தோம்."

"பரம்பரை வெள்ளி. எல்லா வீட்டுலயும் செய்யறதுதானே?"

"எது பரம்பரை வெள்ளி, சொல்லு பாப்போம்."

"செத்தவங்க விட்டுட்டுப் போனது."

"உயிரோட இருக்கறவங்க கையால குடுத்தா?"

"அது பரிசு. அதுக்கு சக்தி கிடையாது. கழுவித் துடைச்சு வெச்சுக்கலாம், அவ்வளவுதான்." சொல்லிக்கொண்டே வந்தவள் நின்றாள். "இத அப்பா கையால உங்கிட்ட குடுத்துட்டுப் போனார்."

"ஆமா. உன் கல்யாணத்துக்குன்னு சொல்லிக் குடுத்தார். அவர் உயிரோட இருந்தா இது வெறும் பரிசு. உன்னைக் காப்பாத்தாது. அவர் போயிருந்தாத்தான்..."

மாலின் கிரீடத்தை மெல்லக் கீழே வைத்தாள்.

"நான் பொழைச்சேன்" என்றாள்.

"மறுநாள் காலையில எழுந்து உக்காந்து, பசிக்குதும்மான்னே. நான் ஓடி வந்து உன்னைக் கட்டிக்கிட்டேன். சந்தோஷத்துல அழறேன்னு எல்லாரும் நெனச்சாங்க. அன்னிக்கே தலையில கறுப்புத் துணி கட்டிட்டேன்."

"அப்போ நான் பொழைச்சதுதான் அப்பா செத்ததுக்குச் சாட்சியா?"

"அப்படிச் சொல்லாதடி."

"வேற எப்படிம்மா சொல்றது?"

கல்யாணத்தன்று ஒரு பெண் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயமா இது? எனக்குக் கோபம் வருகிறது. ஆனால் யார் மேல் கோபப்படுவது என்றுதான் தெரியவில்லை.

கெர்த்ருதின் பார்வை மறுபடியும் காசுக்குப் போனது. முகம் விளக்கு ஏற்றியதுபோல மாறியது.

"ஆனா பாரு, கீறல் ஆறிடுச்சு. தோல் மூடற மாதிரி வெள்ளி மூடிக்கிச்சு. உன் கல்யாணத்துக்காக ஆண்டவரே பூசி விட்டிருக்கார்."

மாலினுக்கும் ஒரு கணம் அப்படித்தான் தோன்றியது. கூரையில் ஒளி வட்டம் நீந்துவதைப் பார்த்தாள். எப்போதோ அப்பா இதே வட்டத்தை இதே கூரையில் ஓடவிட்டு, பிடி பிடி என்று அவளைக் குதிக்க வைத்திருக்கிறார். அப்பாவின் முகம் நினைவில்லை. வட்டம் நினைவிருந்தது.

"அண்ணி!" வெளியே மாட்ஸின் குரல். "சீக்கிரம் வாங்க. பிடில்காரன் இப்பவே தள்ளாடறான். இன்னும் ஒரு குவளை உள்ள போச்சுன்னா பிடிலைப் படகுன்னு நெனச்சு ஏறி உக்காந்துடுவான்."

மாட்ஸ் ஹால்வாரின் தம்பி. அண்ணன் போன நாளிலிருந்து இரண்டு வீட்டு உழவும் அவன் தோளில்தான். அவன் சிரித்துக்கொண்டே தலையை உள்ளே நீட்டினான். அண்ணியின் கையில் இருந்ததைப் பார்த்தான்.

"தம்பி, இங்க பாரு. நீ சுரண்டின எடம் ஆறிப்போச்சு!"

மாட்ஸ் பார்க்கவில்லை. வாசல் நிலையைப் பார்த்தான்.

"காத்து எழும்பிடும். வாங்க" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனான்.

அவன் கை சட்டைக்குள் போய்க் கழுத்தில் தொங்கும் தோல் பையை ஒருமுறை தொட்டுப் பார்த்ததை மாலின் கவனித்தாள்.

படகுகள் புறப்பட்டன. முன்னால் பிடில்காரன் படகு. அடுத்தது மணப்பெண்ணின் நீளப் படகு. துடுப்பு போடுகிறவர்கள் இரு வரிசையாக. ஏரி அசையாமல் கிடந்தது. வானம் எங்கே முடிந்து தண்ணீர் எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியாத நாள். கரையிலிருந்த பூர்ச்ச மரங்கள் தலைகீழாகத் தொங்கின. நாங்கள் மேகத்தின் மேல் போனோம் என்று யாராவது சொன்னால் நான் மறுக்க மாட்டேன்.

கிழக்குக் காட்டில் குயில் கூவியது. துடுப்புகள் ஒரு நொடி தவறின. தெற்கே கூவினால் சாவு, கிழக்கே கூவினால் ஆறுதல் என்று எங்களுக்கு ஒரு கணக்கு உண்டு. எல்லோருக்கும் கேட்டது. யாரும் கெர்த்ருதைப் பார்க்கவில்லை.

அவள் காசை உள்ளங்கையில் மூடிக்கொண்டு அரைக்கண்ணால் தண்ணீரைப் பார்த்திருந்தாள். துடுப்புச் சத்தம் தூக்கம் போல வந்து தழுவியது. எதிர்ப் பலகையில் ஹால்வார் உட்கார்ந்து துடுப்புப் போட்டுக்கொண்டிருந்தான். போன அன்றைக்குப் போட்டிருந்த அதே நீலச் சட்டை. ஒரு நாள்கூட வயசாகவில்லை.

"ஏன் இப்படி இறுக்கிப் பிடிச்சிருக்கே? காசுக்கு மூச்சு முட்டப் போகுது" என்றான்.

"நீங்க செத்துட்டீங்க இல்ல?"

"என்னைக் கேக்காம யாரைக் கேட்டே?" என்று சிரித்தான்.

படகு கரையில் முட்டியது. எதிர்ப் பலகையில் மாட்ஸ் உட்கார்ந்திருந்தான். அவன் முகம் முழுக்க ஈரம். வியர்வை என்றுதான் அவள் நினைத்தாள்.

தேவாலயத்துக்குக் கீழே கரையில் ஒரு தட்டைப்பாறை உண்டு. வெறுங்காலோடு வருகிறவர்கள் எல்லோரும் அதில் உட்கார்ந்துதான் காலணி மாட்டுவார்கள். மற்றவர்கள் வழக்கப்படி மேலே ஏறிப் போனார்கள். பாறையில் அம்மா, மகள், சிற்றப்பன் மட்டும்.

கெர்த்ருத் வலது காலணிக்குள் ரொட்டித் துண்டை வைத்தாள். காசை மாட்ஸிடம் நீட்டினாள்.

"வை, தம்பி."

மாட்ஸ் மண்டியிட்டு இடது காலணியைக் கையில் எடுத்தான். காசை வாங்கவில்லை.

"ஆறல அண்ணி."

"என்ன?"

"அந்தக் காசுல கீறல் ஆறல. கீறலே விழல."

கழுத்துப் பையை அவிழ்த்துக் கவிழ்த்தான். பாறையில் ஒரு வெள்ளிக்காசு விழுந்து சுழன்று படுத்தது. அதே தாடி ராஜா. விளிம்பில் மூன்று கீறல்.

"அப்பா சாகறப்ப எங்க ரெண்டு பேருக்கும் ஆளுக்கு ஒண்ணு விட்டுட்டுப் போனார். அண்ணன் தன்னோடத உங்ககிட்ட குடுத்தார். நான் என்னோடதக் கழுத்துல கட்டிக்கிட்டேன். அன்னிக்கு நீங்க பொட்டியிலேர்ந்து எடுத்துட்டு வான்னீங்க. எடுத்துட்டேன். படியில நின்னு யோசிச்சேன். இதச் சுரண்டினா ஒண்ணு பிள்ள போகும், இல்ல அண்ணன் போவார். எனக்கு ரெண்டு பேரும் வேணும் அண்ணி. அதத் திருப்பி வெச்சுட்டு என்னோடதச் சுரண்டினேன். செத்த கையிலேர்ந்து நேரா வந்த வெள்ளி. சந்தேகமே இல்லாதது."

கெர்த்ருத் குனிந்து அந்தக் காசை எடுத்தாள். கீறல்கள் ஒவ்வொன்றிலும் நகத்தை வைத்துப் பார்த்தாள்.

"மறுநாள் சொல்றதுக்கென்ன?"

"மறுநாள் காலையில நீங்க கறுப்புத் துணியோட நின்னீங்க. வாய் வரைக்கும் வந்துது. ஆனா அதுக்கு முன்னாடி எத்தன காலம் தூங்காம கரையில போய் நின்னீங்க! அந்தத் துணியக் கட்டினப்புறம்தான் படுத்துத் தூங்கினீங்க. எழுப்ப மனசு வரல."

"அதுக்கு இத்தன வருஷமாவா தூங்க விடுவே?"

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் மாட்ஸுக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

"உங்க அண்ணன் ஒரு சத்தம் குடுத்திருந்தாலும் எனக்குக் கேட்டிருக்காதே! இழவு காத்துட்டு நான் பாட்டுக்கு மாடு மேய்ச்சுக்கிட்டு இருந்தேன். உயிரோட இருக்கற மனுஷனுக்கு இழவு காக்க வெச்சுட்டியே பாவி!"

"அடிங்க அண்ணி."

"உன்னை அடிச்சு என் கைதான் வலிக்கும்."

மாலின்தான் முதலில் புரிந்துகொண்டாள். "அம்மா, அப்போ அப்பா இருக்காரா இல்லையான்னு இந்தக் காச யாரும் இன்னும் கேக்கவே இல்ல."

கெர்த்ருத் இரண்டு காசுகளையும் பார்த்தாள். கீறல் இல்லாதது வெயிலில் அமைதியாக மின்னியது. அவள் கண் மாட்ஸின் இடுப்புக் கத்திக்குப் போனது.

"உன் மாமியாருக்குக் குளிர் ஜுரம் விட்டபாடில்லேன்னாங்களே" என்றாள் மெதுவாக. "இதுல மூணு தடவ சுரண்டி..."

"கேக்காதம்மா."

"தெரிஞ்சுக்க வேணாமா?"

"நான் பொழைச்சு ஒரு தடவ பதில் சொன்னது போதும். என் மாமியாரும் வேற பதில் சொல்லணுமா?" மாலின் அம்மாவின் கையை மூடினாள். "சித்தப்பா, அந்த ஜோட்டக் குடுங்க."

"காசு?"

"வேணாம். எடது ஜோடு அப்பாவோடது. அவர் வந்து வெக்கட்டும். அது வரைக்கும் காலியா இருக்கட்டும்."

"வெள்ளி இல்லாம பீடத்துக்குப் போனா ஆயுசுக்கும் கையில வெள்ளி தங்காதுடி கண்ணு" என்றான் மாட்ஸ்.

"தங்காட்டிப் போகுது. யோரான்கிட்ட ரெண்டு சட்டை இருக்கு, சமாளிச்சுக்குவோம்."

மாட்ஸ் சிரிக்கப் பார்த்தான். முடியாமல் ஏரிப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

கெர்த்ருத் தன் மூட்டையைப் பிரித்தாள். கல்யாணம் முடிந்ததும் பெண்ணின் தலையில் வைக்க, கல்யாணமான பெண்கள் அணியும் வெள்ளைத் தொப்பிகள் தைத்து வைத்திருந்தாள். மாற்றிக் கட்ட ஒன்று இருக்கட்டுமே என்று இரண்டு. அதில் ஒன்றை எடுத்து உதறினாள். அவள் தலையில் இருந்த கறுப்புத் துணியின் முடிச்சு இறுகிப் போயிருந்தது. மாலின் பல்லால் கடித்து அவிழ்த்துவிட்டாள். அம்மாவின் தலையில் இவ்வளவு நரை இருப்பதை அப்போதுதான் பார்த்தாள்.

தேவாலயத்தில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். விதவைகளின் பலகை கதவோரம். மனைவிமார் பலகைகள் நடுவில். வெள்ளைத் தொப்பியோடு கெர்த்ருத் கதவோரத்தைத் தாண்டி நடந்தாள். பிடில்காரன் வில்லைத் தவற விட்டான். பக்கத்துப் பண்ணை மார்த்தா எட்டி அவள் கையைப் பிடித்தாள்.

"கெர்த்ருத், உன் எடம் பின்னாடி."

"என் எடம் எனக்குத் தெரியும். நகரு."

மார்த்தா நகர்ந்தாள். அவள் நகர்ந்தால் பலகையே நகர்ந்த மாதிரிதான்.

மாலின் பீடம் வரை நேராக நடந்தாள். வலது காலில் ரொட்டி உறுத்தியது. இடது கால் ஒன்றுமில்லாமல் லேசாக இருந்தது. அந்தக் காலை வைக்கும்போதெல்லாம் யாரோ கீழே கை தாங்குவதுபோல இருந்தது என்று பிறகு என்னிடம் சொன்னாள். பாதிரியார் கேட்டார், இருவரும் சொன்னார்கள், கல்யாணம் முடிந்தது. யோரான்தான் ஆமென் என்பதை இரண்டு தரம் சொன்னான்.

வெளியே வெயில். எல்லோரும் பெண்ணைச் சூழ்ந்துகொண்டார்கள். அப்போதுதான் சுவரோரம் நின்ற ஒருவன் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு கெர்த்ருதிடம் வந்தான். எங்கள் ஊர் ஆள் இல்லை. வசந்தத்தில் கிழக்கிலிருந்து திரும்பியவன், தெற்குப் பக்கம் எங்கோ மரம் வெட்டுகிறான் என்று கேள்வி. ஒரு காதின் மேல் பாதியைப் பனி தின்றிருந்தது.

"ஹால்வாரோட சம்சாரம் நீங்களாம்மா?"

"நான்தான்."

"பனி உருகினதும் உங்க கரைக்கு வந்தேன். துணி காயப் போட்டுக்கிட்டு இருந்தீங்க. தலையில கறுப்பு. எனக்கப்புறம் கெளம்பின எவனோ முந்தி வந்து இழவு சேதி சொல்லிட்டான்னு நெனச்சேன். உக்காந்து அழுதேன்மா. கூட இருந்த மனுஷன் இல்லையா! அப்படியே படகைத் திருப்பிட்டுப் போயிட்டேன். இன்னிக்கு அவர் பொண்ணு கல்யாணம்னு கேள்விப்பட்டு, பாத்துட்டாவது போகலாம்னு வந்தேன். நீங்க அந்தப் பலகையில உக்காந்ததப் பாத்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டுது."

மாட்ஸ் படிக்கட்டில் அப்படியே உட்கார்ந்துவிட்டான். அவன் சொல்லாமல் விட்ட ஒரு வார்த்தை வீட்டு வாசல் வரை வந்த சேதியைத் திருப்பி அனுப்பியிருக்கிறது. அவனைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. அவனைக் கும்ம வேண்டும் போலவும் இருந்தது.

"என்ன சேதி சொல்லி விட்டார்?" கெர்த்ருதின் உதடு மட்டும் அசைந்தது.

"சேதி இல்லம்மா, கேள்வி. 'எம் பொண்ணு கல்யாணத்துல எடது ஜோட்டுல வெள்ளி வெச்சது யாரு? கேட்டுட்டு வந்து எங்கிட்ட சொல்லு'ன்னார்."

மாலின் குனிந்தாள். இடது காலணியைக் கழற்றி அவன் கண்ணெதிரே தலைகீழாகக் கவிழ்த்தாள். ஒன்றும் விழவில்லை.

"யாரும் வெக்கல. எங்க இருக்கார்?"

அவன் மாலினைப் பார்க்கவில்லை. கெர்த்ருதின் வெள்ளைத் தொப்பியைப் பார்த்தான். பிறகு அவள் கால்களைப் பார்த்தான்.

"நான் கெளம்பறப்ப கிழக்கே உயிரோடதான் இருந்தார். அவரால வர முடியாதும்மா. நீங்க ரொம்ப தூரம் நடப்பீங்களா?"

கெர்த்ருத் படியில் உட்கார்ந்து தன் காலணி வாரை இறுக்க ஆரம்பித்தாள். முடிச்சு விழவில்லை. மாலின் ஒரு காலில் காலணியும் ஒரு கால் வெறுமையுமாக அவள் முன்னால் மண்டியிட்டாள். அம்மாவின் மூடிய கையை விரித்துக் கீறல் இல்லாத காசை எடுத்தாள். அம்மாவின் இடது காலணிக்குள் குதிகால் பக்கமாகச் செருகி வாரைக் கட்டினாள்.

"அப்பாகிட்ட கொண்டு போய்க் குடு" என்றாள். "எனக்கு அவர் கையால வேணும்."